பானை கட்டாத கூண்டு

சகலை,

இன்று காலையில் புதுப் பானை ஒன்றை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டேன். குருவிக்குக் கட்டுகிற சின்னப் பானைதான், வயிற்றில் ஓர் ஓட்டையோடு. தண்ணீர் உள்ளே இறங்க இறங்கக் குமிழி விட்டுக்கொண்டு கிடந்தது. சூளைப் புகையும் ஈரமண்ணும் கலந்த அந்த வாசனை வீடு முழுக்கப் பரவியதும் என்னை அறியாமல் பின்வாசல் பக்கம் திரும்பிவிட்டேன். நீங்கள் அங்கே நின்றுகொண்டு, "ஊறுனது போதும்யா, எடுத்து வெயில்ல வையி" என்று அதட்டப்போகிறீர்கள் என்று ஒரு நினைப்பு. யாரும் இல்லை. உங்கள் தலைத்திவசம்கூட முடிந்துவிட்டது. என் புத்திக்குத்தான் இன்னும் சேதி சரியாகப் போய்ச் சேரவில்லை.

பானை இப்போது காய்ந்து, கம்பி கட்டி, கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்டூலின் மேல் இருக்கிறது. அதைக் கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல்தான் இதை எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் கேட்காமல் நான் எந்தப் பானையைக் கட்டியிருக்கிறேன்?

கூண்டில் இரண்டே குருவிகள். ஒன்று நீங்கள் கொடுத்த சாம்பல் பொட்டை. இன்னொன்று அதற்குத் துணையாக நான் தேனியில் வாங்கிவந்த மஞ்சள் சேவல். கடைக்காரர்கள் லவ்பேர்ட்ஸ் என்பார்கள். நாம் கடைசிவரை குருவி என்றுதான் சொன்னோம். பானையைப் பார்த்துவிட்டால் பொட்டை முட்டைக்கு இறங்கிவிடும். உடம்பில் பக்குவம் இருந்தால் குஞ்சு வரும். இல்லையென்றால் முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொண்டு பொட்டையே போய்விடும். கட்டாமலே விட்டாலும் இதற்கு வயதாகி உங்கள் வழி இதோடு முடிந்துபோகும். நீங்கள் வளர்த்த அத்தனை குருவிகளிலும் என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த ஒன்றுதான் சகலை. இதை வைத்துச் சூதாடுகிறேனோ என்று பயமாக இருக்கிறது.

அக்காவை நீங்கள் கட்டினீர்கள், தங்கையை நான் கட்டினேன். சகலப்பாடிகள் ஒத்துப்போக மாட்டார்கள் என்று நம் மாமனார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவர் சொன்னதில் பாதி சரிதான். நாம் பேசினாலே சண்டைதான். ஆனால் சண்டை எல்லாம் குருவியைப் பற்றி.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. நீங்கள் போடிமெட்டுக்கு மேலே ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலையில் இருந்தீர்கள். சனிக்கிழமை இறங்குவீர்கள், திங்கட்கிழமை ஏறுவீர்கள். நடுவில் இருக்கிற நாளெல்லாம் போடியில் உங்கள் வீட்டுக் கூண்டைப் பார்த்துவந்து சொல்வது என் பொறுப்பு. நானோ எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றுகிற ஜீப்பு ஓட்டுகிறவன். விடியுமுன் வண்டியை எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் உங்கள் வீட்டுக்குப் போய், தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மதினியை எழுப்பி, டார்ச் அடித்துக் குருவியின் மூக்கைப் பார்க்க வேண்டும். "வீட்டுக்காரரு ஒரு கிறுக்குன்னா சகலப்பாடி அதுக்கு மேல இருக்காரு" என்று மதினி கதவைத் திறப்பார்கள்.

ஸ்டோர் கேட்டில் வண்டி நின்றதும் காய் எடுக்கிற பொம்பளைகள் இறங்குவதற்குள் நீங்கள் ஓடிவந்துவிடுவீர்கள்.

"மூக்கு என்ன நெறம்யா?"

"வெளுத்த நீலம்."

"ஓரத்துல பழுப்பு தட்டுதா?"

"தட்டுற மாதிரியும் இருக்கு, தட்டாத மாதிரியும் இருக்கு."

"என்னய்யா டிரைவரு நீ? வளைவுல எதுக்க வர்ற பஸ்சையும் இப்படித்தான் பாப்பியா?"

அலகுக்கு மேலே, மூக்குத் துளையைச் சுற்றி இருக்கிற அந்தச் சின்னச் சதைதான் நமக்கு எல்லாம். சேவலுக்கு அது பளிச்சென்று நீலமாக இருக்கும். பொட்டைக்கு வெளுத்துக் கிடந்து, முட்டைக்குத் தயாராகும்போது நல்ல பழுப்பாகத் தடிக்கும். இந்த விவரமெல்லாம் ஜீப்பில் வந்தவர்களுக்கும் அத்துபடியாகிவிட்டது. ஒருநாள் தேவாரத்திலிருந்து வரும் அந்தக் குட்டையான அக்கா, தூக்குச்சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்று நம் பேச்சைக் கேட்டது நினைவிருக்கிறதா?

"குடுத்து வச்ச குருவிய்யா இது. தயாரா இல்லையான்னு ரெண்டு ஆம்பளைக மண்டைய ஒடைக்கிறாக. என்னையெல்லாம் எவன் கேட்டான்?"

எல்லாரும் சிரித்தார்கள். அந்த அக்கா சிரிக்கவில்லை. சோலிக்கு நேரமாகிவிட்டது என்று நடந்துபோய்விட்டது. நீங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அது போகிற வழியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நமக்கு இந்தப் பயம் வந்தது முதல் ஜோடியால்தான். பச்சைப் பொட்டை, நீலச் சேவல். அதற்கு முன்னால் உங்களுக்குப் பயம் என்பதே கிடையாது. உங்கள் கண்ணின் மேல் உங்களுக்கு அத்தனை நம்பிக்கை. இருக்காதா பின்னே? மலையில் உங்களைவிடக் காய் பார்க்கத் தெரிந்தவர் குறைவு. ஏலக்காயைப் பழுக்க விட்டு எடுத்தால் காய்கிறபோது வெடித்துவிடும், நிறமும் போய்விடும். தோல் பச்சையாகவே இருக்க வேண்டும், நகத்தால் கீறினால் உள்ளே விதை கறுத்திருக்க வேண்டும். கரிக்காய் என்று சொல்லுவீர்கள். பழுப்பதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தச் சரியான இடத்தில் எடுப்பதுதான் கெட்டிக்காரத்தனம். வருஷக்கணக்காக அதையே பார்த்துப் பழகிய கண் அது.

அந்தக் கண்ணால்தான் பச்சைப் பொட்டையையும் பார்த்தீர்கள். மூக்கில் பாதி பழுப்பு வந்திருந்தது. ஓரத்தில் இன்னும் வெளுப்பு.

"இதான் சகல கரிக்காய்ப் பருவம். இதுக்கு மேல விட்டா முத்திப்போகும். கொண்டா பானைய" என்றீர்கள்.

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. மலையில் வேலை பார்க்கிற யாரிடம் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

பொட்டை பானைக்குள் போய் வந்தது. நாமும் பல்லைக் காட்டிக்கொண்டு காபி குடித்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அது கூண்டின் அடியில், இறகையெல்லாம் உப்பிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தது. நீங்கள் எடுத்துப் பார்த்தீர்கள். பின்பக்கம் வீங்கியிருந்தது. மதினி வெந்நீர் வைத்து ஆவி காட்டினார்கள். விளக்கெண்ணெயைப் பஞ்சில் தொட்டு வைத்தீர்கள். முட்டை இறங்கவில்லை. உங்கள் உள்ளங்கையிலேயே அதன் கழுத்து சாய்ந்தது. கூண்டுக்குள் கையை விட்டுப் பானைக் கம்பியை அறுத்து எடுத்தீர்கள், அவ்வளவுதான்.

மறுநாள் ஜீப்பில் முன்சீட்டில் ஏறினீர்கள். வளைவு வளைவாக மேலே போய்க்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தீர்கள்.

"காயப் பாக்குற கண்ணால பாத்துட்டேன் சகல. காயத்தான் பழுக்க முன்னாடி எடுக்கணும். அது உசுரில்லையா? முழுசாப் பழுக்க விட்டிருக்கணும்."

நான் கியரை மாற்றுகிற சாக்கில் பேசாமல் இருந்துவிட்டேன். ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம்தான். நமக்குள் அந்தப் பழக்கமே இல்லையே.

அதற்குப் பிறகு நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள். மூக்கு முழுக்கப் பழுத்தாலும் போதாது உங்களுக்கு. பொட்டையைக் கையில் பிடித்து, நெஞ்செலும்பின் மேல் கட்டைவிரலை ஓட்டுவீர்கள். கத்தி முனைபோல் தட்டுப்பட்டால் மெலிவு, கூண்டில் விட்டுவிடுவீர்கள். எலும்பே தெரியாமல் கொழுத்திருந்தாலும் விட்டுவிடுவீர்கள். சேவல் கொடுக்கிற இரையை அது வாங்கித் தின்கிறதா, குச்சியைக் கடித்துக் கடித்துச் சிதைக்கிறதா, சுண்ணாம்புச் சத்துக்கு மாட்டியிருக்கிற கடல்நுரையை நாடிப் போய்ச் சுரண்டுகிறதா என்று வாரக்கணக்கில் பார்ப்பீர்கள். ஆடிக்காத்து அடிக்கிற மாதத்தில் பேச்சே எடுக்கக் கூடாது. நான் பறந்தால், "யாருக்குய்யா அவசரம்? அதுக்கா, ஒனக்கா?" என்று கேட்பீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். மதினிதான் நடுவில் புகுந்து, "உங்க ரெண்டு பேரு கல்யாணத்துக்குக்கூட இம்புட்டுப் பொருத்தம் பாக்கல" என்று சொல்லி முறுக்குத் தட்டை வைத்துவிட்டுப் போவார்கள்.

கடைசி வருஷத்துக்கு வருகிறேன். இதை எழுதத்தான் இத்தனை சுற்று சுற்றினேன் போலிருக்கிறது.

இந்தச் சாம்பல் பொட்டை குஞ்சாகப் பொரிந்து வந்த அந்த முறையோடு நீங்கள் எல்லாக் கூண்டிலிருந்தும் பானைகளை இறக்கிவிட்டீர்கள். ஏன் என்று கேட்டேன். "பொட்டைக தேறல" என்றீர்கள். எனக்குக் கண் இல்லையா? ஒவ்வொரு பொட்டைக்கும் மூக்கு காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. குச்சியெல்லாம் தூள் தூளாகக் கிடந்தது. அதைச் சொன்னேன். "ஒனக்கு என்னத்த தெரியும்" என்று கத்தினீர்கள். கத்திவிட்டு மூச்சு வாங்கிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். ஸ்டோர்ப் புகையில் கெட்டுப்போன நெஞ்சு, அதுதான் இளைப்பு என்று நானும் விட்டுவிட்டேன். அப்புறம் கேட்டவர்களுக்கெல்லாம் ஜோடி ஜோடியாகக் கொடுத்தீர்கள். ராசிங்காபுரத்துக்கு ஒரு கூண்டு போனது, தேவாரத்துக்கு ஒன்று போனது. சலித்துப்போய்விட்டது போல என்று நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் இந்தச் சாம்பல் குஞ்சை அட்டைப்பெட்டியில் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுவந்தீர்கள்.

"இத நீ வச்சுக்க. வெரசாப் பானையக் கட்டிராத. இது நல்லாத் தேறட்டும்."

"நீங்க சொல்லும்போது கட்டிக்கிறேன்" என்றேன்.

நீங்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனீர்கள். அந்த மாதமே தேனி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டுக்குத் திரும்பவில்லை.

பானை கட்டினால் முட்டை, அடை, குஞ்சு என்று கூடவே ஒரு ஆள் இருந்து பார்க்க வேண்டும். அந்த ஆள் இருக்கமாட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. தேறாமல் இருந்தது பொட்டைகள் இல்லை. இது எனக்குப் புரிய உங்கள் பதினாறாம் நாள் காரியம் வரைக்கும் ஆயிற்று. புரிந்தபோது அழுகை வரவில்லை சகலை, கோபம்தான் வந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எத்தனை காலம் ஒரே ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறோம். "ஒடம்புக்கு முடியல, பயமா இருக்கு" என்று ஒரு வார்த்தை. குருவியைக் கொடுத்தீர்களே தவிர அதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

இப்போது என் கதைக்கு வருகிறேன். முழங்கால் போய்விட்டதால் ஜீப்பைக் கொடுத்துவிட்டேன். மதினி மகனோடு சென்னைக்குப் போய்விட்டார்கள். உங்கள் வீட்டில் வேறு யாரோ குடியிருக்கிறார்கள். உங்கள் கொழுந்தியா, அதாவது என் வீட்டுக்காரி, மகளுக்குப் பிரசவம் பார்க்கத் திருப்பூர் போனவள் அங்கேயே இருக்கிறாள். மகளும் மருமகனும் பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள். பேத்தியைப் பார்க்க ஆள் வேண்டும். சரிதானே, நான் என்ன சொல்ல முடியும்? நானும் ஒருதரம் போய் இருந்து பார்த்தேன். ஒற்றை அறை. நான் காலை நீட்டினால் மருமகன் தாண்டிப் போக வேண்டும். திரும்பி வந்துவிட்டேன்.

இங்கே ஒரு ஆளுக்குச் சோறு பொங்குகிறேன். பாதி மிஞ்சுகிறது. தெருமுனையில் பொம்பளைகள் காய் தரம் பிரிக்கிற இடத்திலிருந்து ஏலக்காய் வாசனை வந்துகொண்டே இருக்கிறது. அந்தப் பேச்சும் சிரிப்பும் கேட்கிறது. நான் போய் என்ன பேச? கூண்டுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டுக்கொள்கிறேன். பகலெல்லாம் அதுதான் எனக்குப் பேச்சு.

தினமும் சாயங்காலம் திருப்பூரிலிருந்து வீட்டுக்காரியின் போன் வரும். "கதவப் பூட்டிட்டுக் கெளம்பி வாங்களேன், ஒத்தையில கெடந்து என்ன செய்றீக?" என்பாள்.

"எப்படி வர்றது? பொட்டை முட்டைக்கு நிக்குது" என்பேன்.

பானையே வாங்காத காலத்திலிருந்து இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். முட்டைக்கு நிற்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ, இப்போது விட்டுவிட்டு வரமுடியாது. அவளும் விடாமல் கேட்பாள், "குஞ்சு பொரிச்சிருச்சா?" இப்படியே பேசிப் பேசி, பொட்டை முட்டை வைத்துத்தான் ஆக வேண்டும் என்கிற இடத்துக்கு நானே வந்துவிட்டேன். அப்புறம் பார்த்ததெல்லாம் பக்குவமாகவே தெரிந்தது. மூக்கு பழுப்பு. கடித்துப்போட்ட காகிதம். சேவல் இரை ஊட்டுகிறது. நேற்று போய்ப் பானை வாங்கிவந்தேன்.

இந்த இடம்வரை எழுதிவிட்டு எழுந்துபோனேன் சகலை. எழுதிக்கொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது, கட்டிவிடுவோம் என்று பானையைக் கையில் எடுத்தேன். கூண்டுக் கதவைத் திறந்து கம்பியை மாட்டியும் விட்டேன். அப்புறம் என்னவோ, ஒருதரம் நெஞ்செலும்பைப் பார்த்துவிடுவோம் என்று பொட்டையைப் பிடித்தேன். நெஞ்சு சரியாகத்தான் இருந்தது. பிடரியைத் தடவினால் முள் முள்ளாகக் கையில் குத்துகிறது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். தலை முழுக்கப் புது இறகு முளைத்துக்கொண்டிருக்கிறது. இறகு உதிர்க்கிற பொட்டைக்கு உடம்புச் சத்தெல்லாம் புது இறகுக்கே போய்விடும்; முட்டை ஓட்டுக்கு மிச்சம் இருக்காது. இது எனக்குத் தெரியாதா? ஒரு வாரமாகக் கூண்டின் அடியில் சாம்பல் இறகுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருப்பது நான்தான். காற்றில் வந்திருக்கும், சேவல் கொத்தியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கூட்டியிருக்கிறேன்.

பழுப்பு என்று பார்த்த மூக்கிலும் ஓரம் வெளுப்புதான்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். சின்ன உடம்பு, நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. என் ஒத்தை வீட்டுக்குச் சத்தம் வேண்டுமென்று இதைக் கொன்றிருப்பேன். கூண்டில் விட்டேன். பானையை அவிழ்த்து எடுத்து, அட்டத்துப் பரணில் ஏற்றி வைத்தேன். முதலில் நல்லாத் தேறட்டும். கார்த்திகை மழை முடிந்து பார்க்கலாம். தேறாவிட்டால் அடுத்த வருஷம். உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று சொல்ல இந்தப் பொறுமை ஒன்றுதான் இருக்கிறது. கோபமும் கூடவே இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டுதான் இருக்கப்போகிறேன்.

சாயங்காலம் வழக்கம்போலப் போன் வந்தது.

"என்ன, முட்டை வச்சிருச்சா?"

"இல்ல. பானைய இறக்கிட்டேன். அது தயாராகல."

"அப்பக் கெளம்பி வரவேண்டியதுதான?"

வழக்கமாக இந்த இடத்தில் வேறு ஏதாவது சாக்கு வரும். தேடினேன், ஒன்றும் அகப்படவில்லை.

"அங்கயும் எனக்கு இருக்க முடியல. இங்கயும் இருக்க முடியல" என்றேன். "ஒத்தையில இருக்க பயமா இருக்கு புள்ள. சகல போனதுலருந்தே அப்படித்தான்."



"இத எங்கிட்டச் சொல்ல இம்புட்டு நாளா ஒரு குருவி வேண்டியிருந்துச்சாக்கும்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

வருகிறேன் என்று அவள் சொல்லவில்லை. வா என்று நானும் கேட்கவில்லை. பேத்தியை விட்டு அவளால் வரமுடியாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் போனை வைக்கவும் இல்லை. அங்கே பேத்தி எதற்கோ அழுதது. நான் இங்கே கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் இரண்டு பேரில் ஒருவராவது வாயைத் திறந்துவிட்டோம் சகலை. நீங்களும் திறந்திருக்கலாம். நான் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கேட்டிருப்பேன்.